மணிலாக் கொல்லையில் கருவி கொண்டு களையெடுத்தல்

நெய்வேலி நகரியத்தைச் சூழ்ந்துள்ள கிராமங்களில் மார்கழி பிறந்ததும் மணிலா விதைப்பு தொடங்கிவிடுகிறது. குறிஞ்சிப்பாடி, கம்மாபுரம், விருத்தாசலம் ஆகிய வட்டாரங்களின் செம்மண் நிலம் இப்பயிருக்கு மிகவும் ஏற்றது. விருத்தாசலத்தில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் மண்டல ஆராய்ச்சி நிலையம் இருப்பதும், வி.ஆர்.ஐ. என்னும் எழுத்துக்களைத் தாங்கிய மணிலா ரகங்கள் அங்கிருந்து வெளிவந்திருப்பதும் நம் விவசாயிகள் அறிந்த செய்தியே. விதை, எரு, நீர் ஆகிய மூன்றிலும் நம் மக்களுக்கு அனுபவம் குறைவில்லை. அவர்களைத் தூக்கமிழக்கச் செய்வது களை ஒன்றே.

முன்னாளில் இது பெரிய சங்கடமாக இருந்ததில்லை. விதைத்த இருபதாம் நாள் பத்துப் பன்னிரண்டு பெண்கள் களைக்கொத்தோடு கொல்லையில் இறங்குவார்கள். மாலைக்குள் ஓர் ஏக்கர் வெளுத்துவிடும். நாற்பதாம் நாள் மறுபடியும் வருவார்கள். 1956-ஆம் ஆண்டில் நிலக்கரி நிறுவனம் தோன்றி, 1957-ல் சுரங்க வேலை தொடங்கிய காலம் முதல் இப்பகுதியின் உழைப்பு மெல்ல மெல்ல நகரியத்தை நோக்கித் திரும்பலாயிற்று. இன்று கிராமத்து இளைஞர் ஒப்பந்த வேலைக்குப் போகிறார். பெண்களும் மாதச் சம்பளம் கிடைக்கும் இடங்களை நாடுகிறார்கள். அதில் குறை கூற ஏதுமில்லை. வெயிலில் நாள் முழுவதும் குந்தியிருந்து கொத்துவதைக் காட்டிலும் நல்ல வேலை கிடைத்தால் யார்தான் போகமாட்டார்கள்? ஆயினும், பயிர் யாருக்காகவும் காத்திருப்பதில்லை. இருபதாம் நாள் எடுக்க வேண்டிய களையை முப்பத்தைந்தாம் நாள் எடுத்தால், கூலி இரட்டிப்பாகிறது, காய் குறைகிறது.

இந்நிலையில் பெரும்பாலோர் களைக்கொல்லி மருந்தைத் தெளித்துவிடுகிறார்கள். மரச்செக்கு எண்ணெய்க்காக இரசாயனம் படாத கடலையைத் தேடி வரும் வியாபாரிகள் பெருகியிருக்கும் இக்காலத்தில், அங்கக முறையில் பயிர் செய்து சான்று பெற விரும்பும் விவசாயிக்கு அந்த வழி அடைபட்டதாகும். 2001-ஆம் ஆண்டு முதல் நடைமுறையில் உள்ள தேசிய அங்கக உற்பத்தித் திட்டத்தின் விதிகள், செயற்கைக் களைக்கொல்லியை அறவே விலக்குகின்றன. ஆண்டுப் பயிர்களுக்குப் பொதுவாக இரண்டாண்டுக் கால மாற்றக் காலம் கழிந்த பின்னரே சான்று கிடைக்கும். இடையில் ஒருமுறை மருந்து தெளித்தாலும், கழிந்த காலம் வீணாகும். ஆகவே அங்கக விவசாயிக்குக் கருவியும் கையுமே துணை. அவற்றை எவ்வாறு கையாண்டால் ஆள் பற்றாக்குறையிலும் பயிரைக் காக்கலாம் என்பதையே இங்கு எழுத முற்படுகிறோம்.

நாம் செய்த ஒரு தவறு

சில ஆண்டுகளுக்கு முன், நம் வட்டாரத்தின் ஒரு கிராமத்தில் அங்கக மணிலா சாகுபடிக்கென விவசாயிகள் சிலர் குழுவாகச் சேர்ந்தனர். அவர்களுக்கு உதவ வேண்டுமென்ற ஆவலில், கையால் தள்ளும் சக்கரக் களைக்கருவிகள் பத்து வாங்கிக் கொடுத்தோம். ஒற்றைச் சக்கரமும், அதன் பின்னே ஒரு சாணுக்குச் சற்றுக் குறைந்த அகலமுள்ள வெட்டலகும், இரண்டு கைப்பிடியும் கொண்ட எளிய கருவி அது. பஞ்சாயத்துத் தலைவர் முன்னிலையில் செயல்விளக்கமும் நடந்தது. செயல்விளக்கம் நடந்த இடம் பஞ்சாயத்து அலுவலகத்தின் முன்னிருந்த வெற்றுத் திடல் என்பதை இன்று நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

தை மாதம் நாம் மீண்டும் சென்றபோது, கருவிகளில் ஒன்றுகூடக் கொல்லையில் இல்லை. ஒரு வீட்டில் பரண் மீதும், மற்றொரு வீட்டில் மாட்டுக் கொட்டிலின் மூலையிலும் அவற்றைக் கண்டோம். காரணம் கேட்டோம். முதியவர் ஒருவர் நம்மைத் தம் கொல்லைக்கு அழைத்துச் சென்று, கருவியை வரிசையின் நடுவே வைத்துத் தள்ளிக் காட்டினார். பத்தடி சென்றதும் அலகு நான்கு செடிகளை அறுத்துவிட்டது. "ஐயா, வண்டி நேராகத்தான் போகிறது, வரிசை நேராக இல்லையே" என்றார்.

அவர் கூறியதில்தான் முழு விஷயமும் அடங்கியிருந்தது. அக்கிராமத்தில் நாட்டுக் கலப்பையின் பின்னே நடந்து, சாலில் விதையைப் போட்டுச் செல்வதே வழக்கம். மாடு சற்றே விலகினால் சாலும் விலகும். ஒரு சாலுக்கும் மறு சாலுக்கும் இடைவெளி ஓரிடத்தில் முக்கால் அடி, இன்னோரிடத்தில் ஒன்றேகால் அடி. களைக்கொத்து பிடித்த கை இதை அறிந்து வளைந்து கொடுக்கும். இரும்பு அலகு வளைந்து கொடுக்காது. விதைக்கும் முறையைக் கேட்டறியாமல் களையெடுக்கும் கருவியைக் கொண்டு சென்றது நமது பிழை.

அப்பிழையின் பலனை அனுபவித்தவர் வேறொருவர். குழுவிலிருந்த மற்றொரு விவசாயி, கருவியை நம்பி ஆள் பேசாமல் இருந்துவிட்டார். இருபத்தைந்தாம் நாள் சாரணையும் கோரையும் மணிலாவை மூடிவிட்டன. கூலிக்கு ஆள் தேடி மூன்று கிராமங்கள் அலைந்தும் கிடைக்காமல், இறுதியில் களைக்கொல்லியைத் தெளித்தார். அதை அவர் மறைக்கவும் இல்லை. சோதனைக்கு வந்தவரிடம் தாமே சொன்னார். ஓராண்டும் சில மாதங்களும் கடந்திருந்த அவருடைய மாற்றக் காலம் மீண்டும் முதல் நாளிலிருந்து எண்ணப்படலாயிற்று. அவரைக் கடிந்துகொள்ள நமக்கு நா எழவில்லை.

களையெடுப்பு விதைக்கும் நாளில் தொடங்குகிறது

விதையை நேர் வரிசையில் இட்டு, வரிசைகளின் ஊடே கருவியை ஓட்ட வேண்டும் என்ற கருத்து புதியதன்று. இங்கிலாந்து நாட்டில் ஜெத்ரோ டல் என்பவர் 1701-ஆம் ஆண்டு வாக்கில் வரிசை விதைப்புக் கருவி ஒன்றை அமைத்து, குதிரை இழுக்கும் கொத்துக் கருவியைப் பற்றி 1731-ல் நூலும் எழுதினார். நம் நாட்டிலோ ஆந்திரத்து வறண்ட நிலங்களின் குடியானவர்கள், கொர்ரு என்னும் கருவியால் வரிசையாக விதைத்து, குண்டகா என்னும் அலகுக் கருவியை மாட்டைக் கொண்டு ஊடே இழுப்பதை நெடுங்காலமாகச் செய்து வந்திருக்கிறார்கள். விதைக்கும் கருவியும் களையெடுக்கும் கருவியும் ஒரே அளவுக்குச் செய்யப்பட்ட இணை என்பதுதான் அதிலுள்ள நுட்பம்.

மணிலாவைப் போன்றே அவரை இனத்தைச் சேர்ந்த சோயா மொச்சையிலும் இதையே காண்கிறோம். 1960-களின் பிற்பகுதி தொடங்கி மத்தியப் பிரதேசத்தில் பரவிய அப்பயிர், இன்று அம்மாநிலத்தில் பல லட்சம் ஏக்கரில் விளைகிறது. அங்கே வரிசைக்கு வரிசை சுமார் 45 செ.மீ. இடைவெளி விட்டு விதைத்து, டோரா, குல்பா என்று பெயர் வழங்கும் மாட்டுக் கருவிகளை இளம்பயிரின் ஊடே இழுக்கிறார்கள். அமெரிக்க நாட்டின் அங்கக விவசாயிகளோ சோயாவைச் சுமார் இரண்டரை அடி இடைவெளியில் விதைத்து, டிராக்டர் கொண்டு பலமுறை ஊடுழவு செய்கிறார்கள். இடைவெளி எவ்வளவாயினும், அதை நிர்ணயிப்பது பின்னால் வரப்போகும் கருவியின் அகலம்.

நமது மணிலாவுக்குச் சிபாரிசு செய்யப்படும் இடைவெளி வரிசைக்கு வரிசை 30 செ.மீ., செடிக்குச் செடி 10 செ.மீ. இந்த ஓரடி இடைவெளியில் 18 செ.மீ. அகலமுள்ள அலகை ஓட்டினால், இருபுறமும் செடிக்கு ஆறாறு செ.மீ. பாதுகாப்பு உண்டு. அதற்கு மேல் கோணல் தாங்காது. ஆகவே நேர்க்கோடு மிகவும் அவசியம்.

இதற்கு விலை கொடுத்து எந்த இயந்திரமும் வாங்க வேண்டியதில்லை. ஐந்தடி நீளமுள்ள ஒரு கட்டையில், சரியாக ஓரடிக்கு ஒன்றாக ஐந்து மர முளைகளை அடித்து, நடுவில் ஒரு நீண்ட காம்பைப் பொருத்துமாறு ஊர்த் தச்சரிடம் சொன்னால் போதும். கொல்லையைச் சமப்படுத்திய பின், வரப்பை ஒட்டி ஒரு கயிற்றை இழுத்துக் கட்டி, அதன் வழியே முதல் முறை இக்கட்டையை இழுக்க வேண்டும். ஐந்து கோடுகள் விழும். திரும்பி வரும்போது ஓர முளையைக் கடைசிக் கோட்டிலேயே வைத்து இழுத்தால், அடுத்த நான்கு கோடுகளும் தாமே நேராக அமையும். கோட்டின் மீது விதையை ஊன்றிச் செல்ல வேண்டியதுதான். விதைப்புக்குக் கூடுதலாக ஓரிரு ஆள் செலவாகும் என்பதை மறைக்க விரும்பவில்லை. ஆனால் விதைக்கும் நாளில் ஆள் கிடைக்கிறது; களையெடுக்கும் நாளில்தான் கிடைப்பதில்லை.

விதைப்புக்கு முன்னரே களையின் ஒரு தலைமுறையை அழித்துவிடும் உபாயமும் உண்டு. நிலத்தைத் தயார் செய்து, விதைப்பதற்குப் பத்துப் பன்னிரண்டு நாட்களுக்கு முன் ஒரு தண்ணீர் பாய்ச்சிவிட வேண்டும். மேல்மண்ணில் கிடக்கும் களை விதைகள் விருந்துக்கு அழைத்தாற்போல் முளைத்து வரும். மண் காய்ந்து பொலபொலப்பானதும், ஓரங்குல ஆழத்துக்கு மேற்படாமல் அலகுக் கருவியால் சீவிவிட்டு, உடனே கோடிழுத்து விதைக்கலாம். பெரும்பாலான சிறு விதைக் களைகள் மேலே இரண்டங்குல மண்ணிலிருந்துதான் முளைக்கின்றன. அதற்குக் கீழே புதைந்த விதைகள் உறங்கிக் கிடக்கும். ஆகையால் முளைத்த களையைச் சீவிய பின்னர் மீண்டும் ஆழ உழுதால், உறங்குகின்ற விதைகளை நாமே எழுப்பி மேலே கொண்டுவருகிறோம். கலப்பையின் பின்னே விதைப்பதில் இந்தத் தீங்கும் உண்டு.

களை கண்ணுக்குத் தெரியுமுன்

விவசாயிகள் சாதாரணமாகக் கொல்லை பச்சையாகத் தெரிந்த பிறகுதான் களையைப் பற்றி நினைக்கிறார்கள். கருவியைப் பொறுத்தவரை அது காலங்கடந்த நினைப்பு. முளைத்து மூன்று நான்கு நாளான களைச் செடி, மண்ணுக்குள் வெள்ளை நூல் போல இருக்கும். விரலால் மண்ணைக் கிளறிப் பார்த்தால் அதைக் காணலாம். அந்த நிலையில் மண்ணைச் சற்று அசைத்தாலே அது வெயிலில் உலர்ந்து மடியும். இரண்டிலை விட்ட பின் அலகால் அறுக்க வேண்டும். நான்கு விரல் உயரம் வளர்ந்துவிட்டால் அலகு அதன் மேல் வழுக்கிச் செல்லும், அல்லது வேரோடு சுருட்டிக்கொண்டு அடைத்துக்கொள்ளும். அமெரிக்காவில் ஜார்ஜியா மாநிலத்து டிஃப்டன் என்னுமிடத்தில் அங்கக மணிலாவைப் பற்றி நடந்த ஆராய்ச்சிகளும், வளையும் கம்பிப் பற்களைக் கொண்ட கருவியால் ஆரம்பத்திலேயே தொடங்கித் திரும்பத் திரும்பக் கிளறுவதன் அவசியத்தைக் காட்டியுள்ளன. எவ்வளவு செய்தாலும் ஓரளவு கைக்களை தேவைப்பட்டதையும் அவர்கள் ஒப்புக்கொள்கிறார்கள்.

ஆடிப் பட்டத்தில் மானாவாரியாக விதைப்போர், விதைத்த நான்காம் நாள், மழை இல்லாதிருந்தால், இலேசான முள்கிளையையோ இரும்புப் பல் வாரியையோ கொல்லையின் மேல் இழுக்கலாம். விதை இரண்டங்குல ஆழத்தில் இருப்பதால் அதற்குக் கேடில்லை. மேலே நூலாக இருக்கும் களை குலைந்துபோகும். ஆனால் மணிலா முளை மண்ணைப் பிளந்துகொண்டு தலை காட்டும் சமயத்தில் இதைச் செய்வது தகாது, முளை ஒடிந்துவிடும். மார்கழிப் பட்டத்தின் இறவைப் பயிரில் நான்கைந்தாம் நாளில் உயிர்த் தண்ணீர் விடுவதால் இதற்கு இடமில்லை. அங்கே முன்கூறிய முன்தண்ணீர் முறையே ஏற்றது.

சக்கரக் கருவியை முதலில் ஓட்ட வேண்டிய நாள் பதினைந்தாம் நாள் அல்லது பதினாறாம் நாள். இதில் ஒரு கணக்கு உண்டு. அடுத்த தண்ணீர் இருபதாம் நாளில் வரும். பதினைந்தில் அறுபட்ட களைக்கு ஐந்து நாள் வெயில் கிடைக்கிறது. அன்று காலையில் அறுத்து மறுநாளே தண்ணீர் பாய்ச்சினால், பருப்புக் கீரையும் கானாவாழையும் விழுந்த இடத்திலேயே வேர்விட்டு எழுந்துவிடும். கானாவாழையின் தண்டுத் துண்டு ஒவ்வொன்றும் ஒரு புதுச் செடியாகக் கூடியது. எனவே தண்ணீருக்குப் பின் அல்லாமல் தண்ணீருக்கு முன்னரே கருவியை ஓட்டுவதும், காலைப் பனி காய்ந்து மண் காலில் ஒட்டாத நேரத்தில் ஓட்டுவதும் முக்கியம். சுரங்கத்திலிருந்து வெளியேற்றப்படும் நீர் வாய்க்காலில் வருகின்ற கிராமங்களில், தண்ணீர் வந்த நாளில் பாய்ச்சிக்கொள்ளும் ஆசை எவருக்கும் எழும். களையெடுத்த கொல்லைக்கு மட்டுமாவது அன்று மடையைத் திறக்காதிருத்தல் நலம்.

இரண்டாவது ஓட்டம் இருபத்தெட்டு முதல் முப்பதாம் நாளுக்குள். அப்போது பூ எடுக்கத் தொடங்கியிருக்கும். கருவி மேலாகவே செல்ல வேண்டும். செடியின் பக்கவேரை அறுக்கலாகாது. மூன்றாவதும் கடைசியுமான ஓட்டம் நாற்பதிலிருந்து நாற்பத்தைந்தாம் நாளுக்குள் முடிந்துவிட வேண்டும். மணிலாச் செடி பூத்த பின் ஊசி போன்ற விழுதை மண்ணுக்குள் இறக்கி, அங்கே காயை உண்டாக்குகிறது. நாற்பத்தைந்து நாளுக்குப் பின் வரிசையின் ஊடே கருவியை ஓட்டினால், களையோடு காயையும் அறுக்கிறோம். அதன் பின் தென்படும் களையைக் கையால் பிடுங்கலாமேயன்றி மண்ணைக் கிளறலாகாது. அரசாங்கத்தின் பொதுவான சிபாரிசு இருபதாம் நாளிலும் நாற்பதாம் நாளிலுமாக இரண்டு கொத்து. சக்கரக் கருவி கொண்டு செய்வோர் இளம்பருவத்திலேயே தொடங்கி மூன்று முறை இலேசாக ஓட்டுவது மேல் என்பது நமது அனுபவம். மூன்று முறையும் சேர்ந்து ஆகும் சிரமம், முற்றிய களையை ஒருமுறை வெட்டும் சிரமத்தைவிடக் குறைவு.

கடைசி ஓட்டத்தின்போதே ஏக்கருக்கு 160 கிலோ ஜிப்சமிட்டு மண் அணைப்பது வழக்கம். வெட்டலகைக் கழற்றிவிட்டுச் சிறிய மண் அணைக்கும் அலகைப் பொருத்தினால் அதே கருவி இதற்கும் பயன்படும். வெட்டியெடுக்கப்பட்ட இயற்கை ஜிப்சமாக இருக்க வேண்டும். தொழிற்சாலைக் கழிவாகக் கிடைப்பதை அங்ககச் சான்று பெறுவோர் வாங்குமுன் சான்றளிப்போரைக் கேட்டறிதல் அவசியம். மண் செடியின் அடியில் சேர வேண்டும். தண்டும் இலையும் மூடும்படி குவித்தால் தண்டழுகல் நோய்க்கு இடங்கொடுத்ததாகும்.

கோரையைப் பற்றித் தனியே ஒரு வார்த்தை. மற்ற களைகளுக்குக் கூறிய எதுவும் கோரைக்கு முழுதும் பொருந்தாது. அதன் உயிர் கீழேயுள்ள கிழங்கில் இருக்கிறது. மேலே சீவினால் ஒரு வாரத்தில் திரும்ப வரும். ஆழ வெட்டினால் சங்கிலியாகக் கோத்த கிழங்குகள் அறுந்து ஒவ்வொன்றும் தனித்தனியே முளைக்கும். சித்திரை வைகாசிக் கோடையில் ஆழ உழுது கிழங்கை மேலே போட்டு வெயிலில் வாட்டுவதே தக்க பரிகாரம். ஈரம் வற்றிய கிழங்கு முளைப்பதில்லை. கோரை மண்டிய கொல்லையை முதலாண்டிலேயே அங்கக மணிலாவுக்கு ஒதுக்க வேண்டாம் என்றும் கூறுவோம்.

எத்தனை கருவி வேண்டும்?

பஞ்சாயத்து அங்கத்தினர்கள் நம்மிடம் அடிக்கடி கேட்பது, ஊருக்கு ஒரு பெரிய விசைக் களையெடுப்பான் வாங்கித் தரக்கூடாதா என்பதே. வேளாண்மைப் பொறியியல் துறையின் மூலம் அத்தகைய இயந்திரங்கள் மானியத்திலும் வாடகைக்கும் கிடைக்கின்றன. கரும்பு, மரவள்ளி, பருத்தி போன்று அகன்ற வரிசையில் வளரும் பயிர்களுக்கு அவை அருமையான சாதனங்கள். ஓரடி வரிசையில் வளரும் மணிலாவில் அவற்றின் சுழலும் கத்திகளுக்கு இடம் போதாது. இது ஒருபுறமிருக்க, வேறொரு கணக்கையும் பார்க்க வேண்டும்.

ஓர் ஏக்கரில் ஓரடி இடைவெளியில் வரிசை போட்டால், வரிசைகளின் மொத்த நீளம் சுமார் பதின்மூன்றரை கிலோமீட்டர். அதாவது களையெடுப்பவர் நெய்வேலியிலிருந்து வடலூருக்கு நடந்து செல்வதைப் போன்ற தூரத்தைக் கருவியை முன்னும் பின்னும் தள்ளியபடி கடக்க வேண்டும். ஒருவர் ஒரு நாளில் ஏக்கரில் மூன்றில் ஒரு பங்கை முடிப்பார். ஏக்கருக்கு மூன்று ஆள் என்று வைத்துக்கொள்வோம். களை வெள்ளை நூலாகவோ ஈரிலையாகவோ இருக்கும் தகுந்த காலம் நாலைந்து நாட்கள்தாம். அந்த ஐந்து நாளில் ஒரு கருவி ஒன்றரை ஏக்கருக்குச் சற்று மேல் செய்யும். முப்பது ஏக்கர் மணிலா உள்ள கிராமத்தில், விதைப்பு இருபது நாட்களுக்குள் பரவலாக நடந்ததென்றால், எந்த ஐந்து நாளை எடுத்தாலும் ஏழெட்டு ஏக்கர் ஒரே சமயத்தில் களைக்குத் தயாராக நிற்கும். ஐந்து கருவிகள் ஓயாமல் ஓடினால்தான் ஈடுகொடுக்க முடியும். அனைவரும் ஒரே வாரத்தில் விதைத்துவிட்டாலோ, ஐந்து போதாது.

விலையுயர்ந்த ஒரே இயந்திரத்தை வைத்துக்கொண்டு ஊர் முழுவதும் முறை போட்டால், முதலில் பெற்றவர் பிழைப்பார். கடைசியில் பெறுபவருக்கு அது கிடைக்கும்போது களை முழங்காலளவு நிற்கும். அதே பணத்தில் எளிய கைக்கருவிகளைப் பல வாங்கி, மகளிர் சுய உதவிக் குழுவிடமோ தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுச் சங்கத்திடமோ ஒப்படைப்பது நன்று. யார் எந்தத் தேதியில் விதைத்தார் என்பதை ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி வைத்தால், யாருக்கு எந்த நாளில் கருவி வேண்டும் என்பது முன்கூட்டியே தெரிந்துவிடும். இதற்கு எழுத்தர் எவரும் வேண்டியதில்லை. விதைத்த தேதியோடு பதினைந்தைக் கூட்டத் தெரிந்தால் போதும். நாம் முன்பு குறிப்பிட்ட கிராமத்தில் அடுத்த ஆண்டு முதல் இவ்வாறே நடந்து வருகிறது. பரணிலிருந்த கருவிகளும் இறங்கிவிட்டன.

ஆயினும் கருவி எல்லாவற்றையும் செய்துவிடும் என்று எவரும் நினைக்க வேண்டாம். ஓரடியில் 18 செ.மீ. அகலம் சுத்தமானால், நிலத்தில் ஐந்தில் மூன்று பங்கு முடிந்தது. செடிக்கும் செடிக்கும் நடுவே வரிசையிலேயே நிற்கும் களையைக் கையால்தான் எடுக்க வேண்டும். முன்பு ஏக்கருக்குப் பத்துப் பன்னிரண்டு பெண்கள் செய்ததை, வரிசையை மட்டும் பார்ப்பதென்றால் நான்கைந்து பேர் செய்துவிடலாம். இரண்டாவது ஓட்டம் முடிந்த மறுநாள் அவர்களை அழைப்பது உத்தமம். அறுபட்டு வாடியது எது, உயிரோடு நிற்பது எது என்பது அன்று தெளிவாகத் தெரியும்.

இங்கே ஓர் எச்சரிக்கை கூற விரும்புகிறோம். களையெடுப்பு காலங்காலமாகப் பெண்களின் வேலையாக இருந்துவந்தது. சக்கரம் வைத்த கருவி வந்தவுடன் ஆண்கள் அதைப் பிடித்துக்கொண்டு, கூடுதல் கூலியும் வாங்குவதைச் சில இடங்களில் காண்கிறோம். அதே பெண்கள் வரிசைக் களைக்குக் குறைந்த கூலியில் குந்துகிறார்கள். 1950-களில் ஜப்பானிய முறை நெல் சாகுபடியோடு சுழல் களைக்கருவி வந்தபோதும், பின்னர் திருந்திய நெல் சாகுபடியில் கோனோவீடர் வந்தபோதும் எழுந்த கேள்வியே இது. கருவியை வாங்கும்போது கைப்பிடியின் உயரத்தை ஏற்றி இறக்க வசதியுள்ளதா என்று பார்த்து வாங்க வேண்டும். ஆணின் மார்பளவுக்குச் செய்த கைப்பிடியைப் பெண் தள்ளினால் தோள் வலிக்கும். அதன் பிறகு, பெண்களால் இது ஆகாது என்று தீர்ப்புக் கூறிவிடுவார்கள். செயல்விளக்கத்தின்போது முதலில் கைப்பிடியைப் பெண்களின் கையில் கொடுங்கள். கொல்லையில் கொடுங்கள், திடலில் வேண்டாம்.

விதை வரும் வாசல்கள்

கருவியைப் பற்றி இவ்வளவு கூறிய பின், களை விதை கொல்லைக்குள் வரும் வாசல்களையும் பார்க்க வேண்டும். மக்காத எருவில் களை விதை உயிரோடு கிடக்கும். குவியலாகப் போட்டு, ஈரம் காத்து, இரண்டு மூன்று முறை புரட்டிவிட்டால், உள்ளே உண்டாகும் சூட்டில் பெரும்பகுதி விதைகள் கெட்டுவிடும். ஆட்டுக் கிடை கட்டுவது நிலத்துக்கு மிக நல்லது. ஆனால் சீமைக் கருவேல நெற்றைத் தின்ற ஆடு அதன் விதையையும் போட்டுவிட்டுப் போகும் என்பதை மறவாமல், கிடை எழுந்த பின் முளைப்பதைக் கவனித்துப் பிடுங்க வேண்டும்.

பஞ்சாயத்து நேரடியாகச் செய்யக்கூடியதும் ஒன்றுண்டு. சாலையோரத்திலும் புறம்போக்கிலும் வாய்க்கால் கரையிலும் நிற்கும் பார்த்தீனியச் செடி, நம் நாட்டில் 1950-களின் நடுவில் பூனா நகரில் காணப்பட்டுப் பின்னர் எங்கும் பரவியது. ஒரு செடி பல்லாயிரம் விதைகளை உதிர்க்கும். அதைப் பூக்குமுன் பிடுங்கினால் ஒரு நாள் வேலை. பூத்த பின் பிடுங்கினால் விதையை ஊரெங்கும் தூவும் வேலை. கையுறையின்றித் தொட்டால் சிலருக்கு அரிப்பு உண்டாகும் என்பதால், பணியாளருக்குக் கையுறை கொடுக்க வேண்டும். தனியார் கொல்லையில் எத்தனை கருவி ஓடினாலும், பொது நிலத்திலிருந்து காற்றிலும் நீரிலும் விதை வந்துகொண்டேயிருந்தால் அந்த விவசாயி என்ன செய்வார்?

வரும் மார்கழிப் பட்டத்தில் இம்முறையைக் கைக்கொள்ள விரும்பும் கிராமங்கள், கார்த்திகை மாதத்திலேயே கோடிழுக்கும் கட்டையைச் செய்து வைத்துக்கொள்வது நல்லது. மாதிரிக் கட்டை ஒன்று நமது ஒன்றிய அலுவலகத்தில் இருக்கிறது. தச்சரையே நேரில் அனுப்பி அளவெடுக்கச் செய்யுங்கள். முளைகளின் இடைவெளியை, உங்கள் கருவியின் அலகையும் கொண்டுவந்து பக்கத்தில் வைத்துப் பார்த்த பின்னரே அடிக்கச் சொல்லுங்கள்.